பழைய மிதிவண்டிகளின் கைப்பிடித் தண்டும் விரிசல் தடுப்பும்

மிதிவண்டியின் கைப்பிடியை முன் கவட்டையோடு இணைக்கும் உறுப்பு கைப்பிடித் தண்டு ஆகும். ஸ்டெம் என்பது இதன் வழக்குப் பெயர். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இது கவட்டைக் குழாய்க்குள் செருகப்படும் வகையாகவே இருந்தது. செருகும் பகுதியின் விட்டம் பெரும்பாலும் 22.2 மில்லிமீட்டர், பழைய பிரெஞ்சு வண்டிகளில் 22 மில்லிமீட்டர்.

தண்டின் அடிப்பகுதியில் நெடுக்காக ஒரு பிளவு வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து நீண்ட போல்ட்டை முடுக்கினால், கீழேயுள்ள கூம்பு மேலேறித் தண்டின் வாயை விரிக்கும். விரிந்த தண்டு குழாயின் உட்சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். எளிய ஏற்பாடுதான், ஆனால் பலவீனமும் அதே பிளவில்தான் இருந்தது. பிளவின் மேல்முனை கூர்மையாக முடிந்தால் தகைவு முழுவதும் அங்கே குவியும். முடுக்கும்போது ஒரு முறை, பிறகு ஓட்டுபவர் கைப்பிடியை இழுத்து மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அம்முனை சுமை தாங்குகிறது. எஃகு இதை ஓரளவு பொறுத்தது. எடை குறைக்க அலுமினியக் கலவைக்கு மாறியபோது நிலைமை கடினமாயிற்று. எஃகுக்கு இருப்பதுபோல, எத்தனை முறை சுமை ஏறினாலும் சோர்வடையாத பாதுகாப்பு எல்லை அலுமினியத்துக்கு இல்லை. விரிசல் குழாய்க்குள் மறைந்திருப்பதால் வெளியே தெரிவதும் இல்லை. தண்டு முறிந்தால் ஓட்டுபவர் கையில் கைப்பிடி மட்டுமே மிஞ்சும்.

கூர்முனைகளில் தகைவு பெருகுவதை ஆங்கிலேயப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் 1913இல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கருத்தில் இருந்தவை கப்பல் தகடுகள். ஆயினும் விதி ஒன்றே: முனையின் வளைவு ஆரம் நான்கு மடங்கானால் தகைவுப் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகும்.

பழைய வண்டிகளைப் பேணுவோர் செய்யும் மாற்றமும் இதுவே. தண்டைக் கழற்றி, பிளவு முடியும் இடத்தில் அதன் அகலத்தைவிடப் பெரிய வட்டத்துளை இடுகின்றனர். துளையின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் அரத்தால் மழுக்கி, நுண்ணிய உப்புத்தாளால் கீறல் இல்லாமல் தேய்க்கின்றனர். இந்தக் கடைசி வேலையைத் தவிர்த்தால் துளையிட்டும் பயனில்லை, துரப்பணம் விட்ட கீறலே அடுத்த விரிசலின் தொடக்கமாகும். ஏற்கெனவே விரிசல் கண்ட தண்டுக்கு இது மருந்தன்று. அதனை அகற்றிவிடுவதே முறை.

தயாரிப்பாளர்கள் கண்ட தீர்வு வேறு. தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, கூம்புக்குப் பதில் சாய்ந்த ஆப்பு வைத்தனர், பிளவே தேவைப்படவில்லை. ஆனால் ஆப்பை அளவுமீறி முடுக்கினால் கவட்டைக் குழாய் புடைக்கும். தண்டில் பொறிக்கப்பட்ட குறைந்தபட்சச் செருகல் கோட்டுக்கு மேலே பொருத்தினாலோ, குழாயின் மரையிட்ட மெல்லிய பகுதியில் அழுத்தம் விழும்.

1992இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற மரையற்ற தலைப்பகுதி அமைப்பில் தண்டு கவட்டைக் குழாயை வெளியிலிருந்து கவ்வுகிறது. பந்தய வண்டிகளில் செருகும் தண்டு படிப்படியாக மறைந்தது. ஆயினும் இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடைபெறும் லெரோயிகா ஓட்டத்தில், 1987க்கு முந்தைய பந்தய வண்டிகளே சரளைக்கல் சாலைகளில் ஓடுகின்றன. பல பத்தாண்டுகள் உழைத்த அலுமினியத் தண்டுகள் அங்கே இன்றும் குலுங்கிக்கொண்டிருக்கின்றன.