குடிநீரில்லாத கோட்டை

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நதி அட்லாண்டிக் சமுத்திரத்தோடு கலக்கும் முகத்துவாரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே, ஆறு கடலைப் போலவே அகன்று கிடக்கும் இடத்தில், ஒரு சிறு தீவு இருக்கிறது. பால்டிக் கடலோரத்தில், இன்றைய லாத்வியாவின் ஒரு பகுதியாகிய கூர்லாந்து என்னும் சிறு நாட்டின் பிரபு யாகோப் கெட்லர், பெரிய தேசத்தாரைப் போலத் தாமும் கடல் கடந்து வர்த்தகம் செய்யவேண்டும் என்ற ஆசையினால் அனுப்பிய ஆட்கள், 1651-இல் உள்ளூர் அரசரிடமிருந்து அத்தீவைப் பெற்று அங்கே கோட்டை எழுப்பினார்கள். பத்தே ஆண்டுகளில், 1661-இல், ராபர்ட் ஹோம்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் அதைக் கைப்பற்ற, இங்கிலாந்து மன்னரின் தம்பியாகிய யார்க் பிரபு ஜேம்ஸின் பெயரால் அது ஜேம்ஸ் கோட்டை ஆயிற்று.

நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் அத்தீவில் குடிநீர் இல்லை. கடலின் ஓதம் ஆற்றில் வெகுதூரம் ஏறிவிடுவதால், பீரங்கிகளுக்குக் கீழே ஓடிய நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீரும் அடுப்புக்கு விறகும் கரையிலிருந்து படகில் வந்தாக வேண்டும். வடகரையோ நியூமி அரசர்களுடையது. ஆகையால் மதிலும் வெடிமருந்தும் படைத்திருந்த, கோட்டையை நடத்திய ஆங்கில வர்த்தகக் கம்பெனியார் அவ்வரசர்களுக்கு வரியும் வெகுமதியும் செலுத்தி, அவர்கள் மனம் கோணாதபடி நடந்துகொள்ளவேண்டியவர்களாக இருந்தார்கள்.

ஐரோப்பியப் பகைவர்களிடமிருந்துகூட அக்கோட்டை தன்னைக் காத்துக்கொண்டதில்லை. 1695-இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தனர். 1697-இல் ரிஸ்விக் உடன்படிக்கையினால் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1719-இல் ஹவல் டேவிஸ் என்னும் கடற்கொள்ளைக்காரன், தன்னை யோக்கியமான வியாபாரி என்று நம்பவைத்து உள்ளே புகுந்து, அதைச் சூறையாடினான். 1725-இல் அதன் வெடிமருந்தே வெடித்து நாசம் விளைத்தது. 1779-இல் மீண்டும் வந்த பிரெஞ்சுக்காரர் அதை இடித்துவிட்டுப் போனார்கள்.

இத்தனை பேர் இச்சிறு நிலத்துக்குப் போட்டியிட்ட காரணம், தங்கமும் தந்தமும் அடிமைகளும் அந்நதி வழியே வந்ததுதான். அங்கே விலையெல்லாம் இரும்புப் பாளக் கணக்கில் பேசப்பட்டது. கப்பல்கள் கொணர்ந்த சரக்குகளில் நம் சோழமண்டலக் கரைத் துணிக்கும் இடம் உண்டு. புதுச்சேரியில் அவுரி தோய்த்த நீலத்துணி, அண்டையிலுள்ள செனகல் நதிக்கரையில் பணமாகவே செலாவணி ஆயிற்று.

அவ்வியாபாரத்தின் இயல்பை அயூபா சுலைமான் டியால்லோ என்பவரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. குர்ஆன் கற்ற குடும்பத்தில் பிறந்த அவர், 1730-ஐ ஒட்டிய காலத்தில் இரண்டு அடிமைகளை விற்றுவரவும் காகிதம் வாங்கிவரவும் தந்தையால் காம்பியாவுக்கு அனுப்பப்பட்டார்; திரும்பும் வழியில் அவரையே சிலர் பிடித்து, போர்க்கைதி போலத் தோன்றுமாறு தலையையும் தாடியையும் மழித்து, ஆங்கிலக் கப்பல் தலைவனிடம் விற்றுவிட்டார்கள். மேரிலாந்தின் புகையிலைத் தோட்டத்திலிருந்து அவர் அரபியில் எழுதிய கடிதம் லண்டன் கனவான்கள் கைக்கு எட்ட, அவர்கள் பணம் திரட்டி மீட்க, 1734-இல் அவர் ஜேம்ஸ் கோட்டையில் வந்து இறங்கினார். அப்போது அங்கே கம்பெனி உத்தியோகத்திலிருந்த பிரான்சிஸ் மூர் அவரைச் சந்தித்து, தம் பிரயாண நூலில் அவரைப் பற்றி எழுதிவைத்தார்.

1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தபின், கடத்தல் கப்பல்களை மறிப்பதற்கு முகத்துவாரமே தக்க இடம் என்று கண்டு, 1816-இல் இன்றைய பஞ்சுல் நகரை ஸ்தாபித்தார்கள்; 1829-இல் பழைய கோட்டை கைவிடப்பட்டது. 2003-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2011 முதல் அது குந்தா கிந்தே தீவு என வழங்குகிறது. அலையரிப்பினால், அக்காலத்துப் பரப்பில் ஆறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கிறது.

ஆப்பிரிக்கர் மீது ஐரோப்பியர் செலுத்திய ஆட்சிக்கு இதுபோன்ற கோட்டைகளைச் சான்றாகக் காட்டுவோர், கோட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்கவேண்டும். கரையில் இருந்தவர் தண்ணீர் கொடுக்கவும் மறுக்கவும் வல்லவர். தீவில் இருந்தவர் அதற்கு விலை கொடுக்க இசைந்தவர். ஏறக்குறைய ஈடான இவ்விரு திறத்தாரும் பேசி முடித்த பேரத்தில், வாய் திறக்க உரிமையற்றிருந்தவர்கள் விற்கப்பட்ட மனிதர்களே.