ஆறாவது எழுத்து

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுத்தின் மேல் ஒரு கர்வம் உண்டு. ஒரு பெண்ணின் துயரத்தைச் சொல்ல எனக்கு முப்பது அத்தியாயம் வேண்டியிருக்கிறது. அதையே ஒற்றை எழுத்தில் எழுதி முடித்த ஒரு டாக்டர் அம்மையாரைப் பற்றிப் படித்தபோது என் கர்வம் கொஞ்சம் அடங்கிற்று.

ஆங்கில நெடுங்கணக்கில் ஆறாவதாக வரும் 'எஃப்' என்பதுதான் அந்த எழுத்து. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில், நீரிழிவுள்ள கர்ப்பிணி ஒருத்தியின் வைத்தியக் குறிப்பில் அந்த எழுத்து விழுந்தால், "நோய் இவளுடைய சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டது" என்று பொருள். அந்தக் காலத்து வைத்தியர் பலர் அதற்கு இன்னொரு பொருளும் கொண்டார்கள்: "இவள் பிள்ளை பெற ஆசைப்படக் கூடாது." இந்த இரண்டாவது பொருள் எங்கிருந்து வந்தது, பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரம்.

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குவோம். 1823-ம் ஆண்டில் பெர்லின் நகரத்தில் பென்னவிட்ஸ் என்னும் வைத்தியர் 22 வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்தார். அவளுக்கு அது ஐந்தாவது கர்ப்பம். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சிறுநீரில் சர்க்கரை இருந்தது. பிறந்த குழந்தையின் எடை 12 பவுண்டு. ஆனால் குழந்தை தக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு தாயின் தாகமும் சர்க்கரையும் மறைந்துவிட்டன. பென்னவிட்ஸ் மறு ஆண்டே இதைத் தம் பட்ட ஆராய்ச்சியாக எழுதி, நீரிழிவு என்பது கர்ப்பத்தின் ஓர் அறிகுறி என்று முடிவு சொன்னார். முடிவு முழுவதும் சரியல்ல. ஆனாலும், வயிற்றில் பிள்ளை வந்தவுடன் தாயின் உடம்பு வேறோர் உடம்பாகிவிடுகிறது என்பதை அந்த மனிதர் கண்டுகொண்டார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1882-ல், லண்டனில் மாத்யூஸ் டங்கன் என்பவர் நீரிழிவோடு கூடிய கர்ப்பங்களைத் தேடித் திரட்டினார். மொத்தம் 22 தான் அகப்பட்டன. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கிறீர்களா? சிறு வயதில் நீரிழிவு கண்ட பெண், தாயாகும் பருவம் வரையில் உயிரோடு இருந்தால் அல்லவா கணக்கில் வருவாள்? கிடைத்த 22-லும் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. தாய்மார்களும் பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம் வந்தது இன்சுலின். 1921-ம் ஆண்டுக் கோடையில் கனடா தேசத்து டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து அந்தச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அதை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். முதல் ஊசி பலிக்கவில்லை. காலிப் என்னும் ரசாயன நிபுணர் சுத்தம் செய்து கொடுத்ததைப் பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டபோது பையன் தேறினான். சாக வேண்டிய குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்த சிறுமிகள் வளர்ந்தார்கள், மணம் புரிந்துகொண்டார்கள். வைத்திய உலகம் அதுவரை கேட்டிராத கேள்வியோடு டாக்டரிடம் வந்தார்கள்: "எனக்கு ஒரு குழந்தை வேண்டும். பெறலாமா?"

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர்தான் நான் முதலில் சொன்ன டாக்டர் பிரிஸில்லா ஒயிட் அம்மையார். 1900-ம் ஆண்டில் பாஸ்டனிலேயே பிறந்தவர். புகழ் பெற்ற ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்த ஊரிலேதான் இருந்தது. ஆனால் 1945 வரையில் அங்கே பெண்களுக்கு இடம் கிடையாது. ஆகவே டஃப்ட்ஸ் கல்லூரியில் படித்து 1923-ல் பட்டம் பெற்று, 1924-ல் எலியட் ஜாஸ்லின் என்ற பெரிய நீரிழிவு நிபுணரிடம் வந்து சேர்ந்தார். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அவர் பொறுப்பில் ஜாஸ்லின் விட்டுவிட்டார். அம்மையார் வந்து சேர்ந்தபோது, இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்கு 54 குழந்தைகளே பிழைத்தன.

இன்சுலினோடு நோய் தீர்ந்தது என்று மணி அடித்துக் கதையை முடித்திருக்கலாம். ஆனால் நோய் முன்வாசலில் தோற்று, கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்தது. 1936-ல், ஜெர்மனியிலிருந்து பாஸ்டனுக்கு வந்து குடியேறிய பால் கிம்மல்ஸ்டீல் என்பவரும், இங்கிலாந்துக்காரரான கிளிஃபர்ட் வில்சன் என்பவரும், இறந்துபோன சில நோயாளிகளின் சிறுநீரகங்களைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே உருண்டை உருண்டையாக முடிச்சுகள் விழுந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். அவர்கள் பார்த்தவர்கள் வயது முதிர்ந்தவர்கள். பிற்பாடு, சிறு வயதிலிருந்தே ஊசி போட்டு வாழ்ந்தவர்களிடமும் அதே முடிச்சுகள் தென்பட்டன. பல ஆண்டுகள் இரத்தத்தில் ஓடிய சர்க்கரை, வடிகட்டியை மெல்ல மெல்லத் தூர்த்துவிடுகிறது. உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது.

இப்பொழுது கர்ப்பத்தின் பக்கம் பாருங்கள். 1958-ல் சிம்ஸ், கிரான்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், ஆரோக்கியமுள்ள சில பெண்களைக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பரிசோதித்து அறிவித்தார்கள். கர்ப்பிணியின் சிறுநீரகம் வழக்கத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இரத்தநீரை வடிகட்டுகிறதாம். இரத்தத்தின் அளவும் பெருகுகிறது. சிறுநீரகமே சுமார் ஒரு சென்டிமீட்டர் நீண்டு போகிறது. வடிகட்டிக்குள் இறங்கும் சர்க்கரை அதிகமாகிவிடுவதால், நோயே இல்லாத கர்ப்பிணியின் சிறுநீரிலும் சில சமயம் சர்க்கரை தென்படும். சிறுநீரை மட்டும் பார்த்து நோய்க் கணக்குப் போட்ட அந்த நாளைய டாக்டர்கள் எப்படித் திண்டாடியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நல்ல சிறுநீரகத்துக்கு இந்தச் சுமை ஒன்றும் பெரிதல்ல. பிள்ளை பிறந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் ஏற்கெனவே முடிச்சு விழுந்த சிறுநீரகம்? நொண்டி மாட்டின் முதுகில் இன்னும் இரண்டு மூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? இந்தப் பயத்திலிருந்துதான் 'கூடாது' என்ற சொல் பிறந்தது. பயம் நியாயமானதே. ஆனால் அதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் இல்லை.

ஒயிட் அம்மையார் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1949-ல் அவர் ஓர் அட்டவணையை வெளியிட்டார். "இன்று சர்க்கரை எவ்வளவு?" என்பது அதன் முதல் கேள்வி அல்ல. "எந்த வயதில் நோய் வந்தது? எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது? இரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன?" என்று அது கேட்டது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதுமானவள் 'ஏ'. வயது வந்தபின் நோய் கண்டு, பத்து ஆண்டுகள் ஆகாதவள் 'பி'. இப்படியே ஆண்டுகள் ஏற ஏற எழுத்தும் ஏறும். சிறுநீரகம் கெட்டவள் 'எஃப்'. ஒரு பெண்ணின் பூர்வ கதை முழுவதும் ஓர் எழுத்தில் அடங்கிவிட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை குழந்தைகள் பிழைத்தன, எத்தனை போயின என்று தனித் தனியே எண்ணிப் பார்க்கவும் முடிந்தது.

அம்மையாரைப் பற்றிப் பாட்டுப் பாடி முடிக்க நான் வரவில்லை. அவர் ஓரிடத்தில் சறுக்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கர்ப்ப ஹார்மோன்களின் குறைவினால்தான் இந்தக் குழந்தைகள் இறக்கின்றன என்று நம்பி, ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். குழந்தைகள் அதிகமாகப் பிழைத்தன. மருந்துக்குத்தான் பெருமை என்று தோன்றியது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு காரியம் செய்தது. நீரிழிவுள்ள கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு ஹார்மோனையும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தது. 1955-ல் முடிவு வெளியாயிற்று: இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை! 1971-ல் அதைவிடக் கொடிய செய்தி அதே பாஸ்டனிலிருந்தே வந்தது. கர்ப்பத்தில் இந்த மருந்தை உண்ட தாய்மார்களின் பெண்களில் சிலருக்கு, இளவயதிலேயே அபூர்வமான ஒரு புற்றுநோய் கண்டிருந்தது.

அப்படியானால் அத்தனை குழந்தைகளைப் பிழைக்க வைத்தது எது? அடிக்கடி வரவழைத்துப் பார்த்தது; இன்சுலினை நாளுக்கு நாள் திருத்தியது; கடைசி வாரங்களில் குழந்தை உள்ளேயே இறந்துவிடாதபடி நாள் பார்த்து முன்னதாகவே பிரசவிக்கச் செய்தது; பிறந்ததைக் கண் கொட்டாமல் காத்தது. பெருமை அந்த உழைப்புக்குரியது. உழைத்தவரே அதை ஒரு மாத்திரைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது மனித சுபாவத்தின் விசித்திரந்தான்.

இதற்கிடையில் கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் என்பவர், பழைய பெர்லின் குழந்தையின் 12 பவுண்டுக்கு விளக்கம் கண்டார். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே சிசுவிடம் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. சிசு தானே இன்சுலினைச் சுரந்து, வந்த சர்க்கரையையெல்லாம் கொழுப்பாக்கிப் பருத்துவிடுகிறது. தாயின் சர்க்கரையை அடக்குவதே பிள்ளைக்கும் மருந்து என்பது இதனால் உறுதியாயிற்று.

1960-ல் பாண்டிங் பெயரால் வழங்கும் பதக்கம் ஒயிட் அம்மையாருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். 2,200-க்கு மேற்பட்ட நீரிழிவுத் தாய்மார்களின் பிரசவங்களைக் கவனித்து அவர் 1974-ல் ஓய்வு பெற்றபோது, நூற்றுக்கு 90 குழந்தைகள் பிழைத்துக்கொண்டிருந்தன. 1989-ல் அவர் காலமானார்.

அந்த ஆறாவது எழுத்து? 1981-ல் பாஸ்டனில் கிட்ஸ்மில்லர் என்பவரும் அவருடைய சகாக்களும் 'எஃப்' பெண்களின் கர்ப்பங்களையே தனியாக எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பாலான குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவையானாலும், உயிர் பிழைத்திருந்தன. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் இன்னும் தெளிவாக்கின. சிறுநீரகம் கொஞ்சமே கெட்டிருந்தால், கர்ப்பம் அதைப் பெரும்பாலும் விரைவாகக் கெடுப்பதில்லை. மிகவும் கெட்டிருந்தால், பிள்ளை பிறந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகக் கூடும். எல்லோருக்கும் ஒரே 'கூடாது' என்பது பொய். எல்லோருக்கும் ஒரே 'பயமில்லை' என்பதும் பொய்.

ஆகையால் இன்று, கருத்தரிப்பதற்கு முன்பே பெண்ணை வரச் சொல்கிறார்கள். சிறுநீரில் புரதம் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளில் சில சிசுவுக்கு ஆகாதவை. அவற்றை மாற்றிக் கொடுக்கிறார்கள். பிறகு, உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லிவிட்டு, முடிவை அவளுக்கே விட்டுவிடுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னே பாஸ்டனில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு, இப்படியாக ஒரு நேர்மையான பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலை எழுதியது ஒரு டாக்டர் மட்டும் அல்ல. தங்கள் கணக்கில் போன குழந்தைகளையும் மறைக்காமல் எண்ணிக் கொடுத்த எத்தனையோ தாய்மார்களும் அதற்குப் பங்காளிகள். அவர்களுடைய பெயர்கள் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. எழுத்துக்கள் மட்டும் இருக்கின்றன.