லைம்லைட்டின் சகோதரிகள்

நியூயார்க்கில் ஆறாவது அவென்யூவும் 20ஆம் தெருவும் சந்திக்கும் முனையில், பழுப்புக் கல்லால் கட்டிய கோதிக் பாணித் தேவாலயம் ஒன்று நிற்கிறது. 1983 நவம்பரில் அது ‘லைம்லைட்’ என்ற பெயரில் இரவு விடுதியாகத் திறக்கப்பட்டது. மக்கள் மண்டியிட்ட நடுக்கூடம் ஆடுகளமானது. ஆடியவர்களின் தலைக்கு மேலே, கூண்டுகளுக்குள் பெண்கள் ஆடினார்கள்.

இந்த விடுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்று ஆண்களின் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் அப்ஜான், முதல் போதகர் வில்லியம் அகஸ்டஸ் மூலன்பெர்க், விடுதி முதலாளி பீட்டர் கேட்டியன். நான் வேறு இருவரைப் பற்றி எழுத வேண்டும்.

முதலாமவர் மேரி ரோஜர்ஸ், மூலன்பெர்க்கின் அக்காவோ தங்கையோ என்ற அளவில் மட்டுமே வரலாற்றில் வந்துபோகும் பெண். ஏழையும் பணக்காரரும் ஒன்றாக வழிபட ஒரு கோயில் வேண்டும் என்பது இறந்துபோன அவர் கணவரின் ஆசை. அதை நிறைவேற்றியது இந்த விதவைதான். 1844இல் வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் தேவாலய இருக்கைகளை வாடகைக்கு விடுவார்கள், விலைக்கும் விற்பார்கள். முன்வரிசை காசுள்ள குடும்பங்களுக்கு, வேலைக்காரப் பெண்ணுக்கு மூலையோ மாடமோ. ‘திருவிருந்துத் தேவாலயம்’ என்ற இந்தக் கோயிலில் இருக்கைக்குக் காசு இல்லை. கட்டடக்கலை நூல்கள் இதன் சமச்சீரற்ற கோபுரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். எனக்கு அந்த விலையில்லா இருக்கைதான் பெரிய வடிவமைப்பாகப் படுகிறது.

இரண்டாமவர் ஆன் அயர்ஸ். 1816இல் லண்டனில் பிறந்து, இருபது வயதில் அமெரிக்கா வந்து, பணக்கார வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1845இல், கூட்டமோ கொண்டாட்டமோ இல்லாத ஒரு சடங்கில், மூலன்பெர்க் முன்னிலையில் தன்னை இறைப்பணிக்கு அர்ப்பணித்துக்கொண்டார். புராட்டஸ்டண்ட் உலகம் கன்னியர் மடம் என்றாலே ரோமாபுரியின் சூழ்ச்சி என்று பார்த்த காலம் அது. 1852இல் சகோதரிகள் சங்கம் முறையாக அமைந்தபோது அவர்கள் ஆயுட்கால உறுதிமொழி எடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு வாக்குக் கொடுப்பது, விரும்பினால் புதுப்பிப்பது. தனி அங்கியும் கிடையாது. எளிய, சாதாரண உடைதான். திருமணம், இல்லையேல் மடம் என்ற இரண்டே வாசல்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சத்தமில்லாமல் திறந்து வைத்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

1853இல் தேவாலயத்தை ஒட்டி ஒரு சிறிய மருத்துவ இல்லத்தை நடத்தத் தொடங்கினார்கள். 1854இல் 20ஆம் தெருப் பக்கம் ‘சகோதரிகள் வீடு’ எழுந்தது. 1858இல் திறந்த செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்தச் சகோதரிகளே. நம்மூர் ஆஸ்பத்திரியில் செவிலியரை நாம் “சிஸ்டர்” என்று கூப்பிடுகிறோமே, மடத்துப் பெண்கள் நோயாளிகளைப் பார்த்துவந்த அந்த நீண்ட வரலாற்றின் மிச்சம்தான் அது.

1970களின் நடுவில் சபை சுருங்கி வேறு சபையோடு இணைந்தது. கட்டடம் கைமாறியது. போதைக்கு அடிமையானவர்களுக்கான மறுவாழ்வு அமைப்பு ஒன்றிடம் கொஞ்ச காலம் இருந்தது. அந்த அமைப்பைத் தொடங்கியவரும் ஒரு பெண் மனநல மருத்துவர். அதன் பிறகு வந்தது லைம்லைட்.

தேவாலயத்திடமிருந்து விடுதி எதை எடுத்துக்கொண்டது? உயரத்தை, இருட்டை, வண்ணக் கண்ணாடியில் வழியும் ஒளியை, எல்லா முகங்களையும் ஒரே திசைக்குத் திருப்பும் நீளமான கூடத்தை. மனிதரைச் சிறிதாக்கி, அதே நேரத்தில் கூட்டத்தோடு கரைக்கும் உத்திகள் இவை. இவற்றோடு, செய்யக்கூடாததைச் செய்கிறோம் என்ற கிளுகிளுப்பு. அது வேலை செய்யவேண்டுமானால், தேவாலயம் என்றால் கண்டிப்பு, கற்பு, தடை என்பது மட்டுமே நினைவில் இருக்கவேண்டும். அங்கே புண்ணுக்குக் கட்டுப்போட்ட பெண்கள் நினைவுக்கு வந்தால் கிளுகிளுப்பு போய்விடும். விலையில்லா இருக்கை இருந்த கூடத்துக்கு, யாரை உள்ளே விடலாம் என்று ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாசல் வந்தது.

ஆட்டத்தை நான் பழிக்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் இடமில்லாத தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் அந்த இருட்டு ஒரு புகலிடமாக இருந்தது. மூலன்பெர்க்கின் சபையில் அவர்களுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்ன?

பின்னால் வந்தவர்களுக்குப் பழைய கோயிலே தேவைப்படவில்லை. 2005இல் லாஸ் வேகஸில் திறந்த ‘டாவ்’ உணவகமும் விடுதியும் இருபது அடி புத்தர் சிலையைப் புதிதாகச் செய்து நீருக்கு மேல் உட்காரவைத்தன. ஆசையைத் துறக்கச் சொன்னவரின் வீட்டில், ரோஜா இதழ் மிதக்கும் தொட்டிகளில் மாடல் பெண்கள் குளித்துக்கொண்டிருக்க, விருந்தினர்கள் அவர்களைக் கடந்து உள்ளே போனார்கள். அதுவும் கூலிக்குச் செய்யும் வேலைதான். பெண்ணுடல் அங்கே சுவர் அலங்காரத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்தக் கூடத்துக்கு முன்கதை ஏதுமில்லை. 20ஆம் தெருக் கட்டடத்துக்கு இருந்தது, அதனால்தான் அங்கே இழப்பு அதிகம்.

1966இலேயே நகர நிர்வாகம் அந்தத் தேவாலயத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. பாதுகாப்பு வெளிப்புறத்துக்கு மட்டும். உள்ளே எதையும் மாற்றலாம், மாற்றினார்கள்: 2010இல் கடைகள், அப்புறம் உடற்பயிற்சிக்கூடம். ஆன் அயர்ஸ் 1896இல் இறந்தார். அவர் எழுதிய பெரிய புத்தகம், 1880இல் வெளிவந்த மூலன்பெர்க்கின் வாழ்க்கை வரலாறு. சகோதரிகள் வீடு இன்னும் 20ஆம் தெருப் பக்கம் நிற்கிறது.