பாதியில் விட்ட சிக்ஸ்த் ஃபார்ம்... இங்கிலாந்தில் மீண்டும் சேர்ந்தால் செலவை யார் ஏற்பார்கள்?

இங்கிலாந்தில் 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு முடித்தவர்கள் அடுத்துப் போவது சிக்ஸ்த் ஃபார்ம். நம்மூர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. தப்பான பாடம் எடுத்துட்டோம், உடம்பு சரியில்லாமப் போச்சு என்று பாதியில் நின்றவர்கள் மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்கலாமா? தொடங்கலாம். ஆனால் ஃபீஸ் விஷயத்தில் வயதுதான் முக்கியம்.

கல்வியாண்டு தொடங்கும் முன் வரும் ஆகஸ்ட் 31 அன்று 19 வயது நிரம்பாமல் இருந்தால், அரசுப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிப்பு இலவசம். செப்டம்பர் 1-ல் 19 ஆகிறவருக்குக் கட்டணம் இல்லை. ஒரே நாள் முன்னால் பிறந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்! வசிப்பிட நிபந்தனையும் உண்டு. ஸ்டூடண்ட் விசாவில் வந்தவர்களுக்கு இந்த இலவசம் பொருந்தாது.

இலவசம் என்றாலும் சீட் உறுதி இல்லை. 18 வயது மாணவருக்கு அரசு தரும் தொகை 2014 முதல் குறைவு. அதனால் சில கல்லூரிகள் தயங்கும். படித்த அதே வருஷத்தை அப்படியே திரும்பப் படிக்க, நீண்ட நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணம் இருந்தால்தான் பொதுவாக நிதி கிடைக்கும். அதற்கான சான்றுகளைச் சேர்க்கை நேரத்திலேயே கையில் வைத்திருப்பது நல்லது. வேறு பாடங்களில் புதிதாகத் தொடங்குவது இதைவிட எளிது.

பஸ் கட்டணம், புத்தகம், மதிய சாப்பாடு? அதற்கு 16-19 பர்சரி இருக்கிறது. அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் போன்ற சில பிரிவினருக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு வரை கிடைக்கலாம். மற்றவர்களுக்கு எவ்வளவு என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். விண்ணப்பிக்க வேண்டியதும் அங்கேதான். வாராவாரம் உதவித்தொகை தந்த இஎம்ஏ திட்டம் இங்கிலாந்தில் 2011-லேயே போய்விட்டது. வேல்ஸில் இன்னும் இருக்கிறது.

பல வீடுகளில் கோட்டை விடுவது சைல்டு பெனிஃபிட்டை. பிள்ளை 19 வயதுக்கு முன் முழுநேரப் படிப்பில் சேர்ந்துவிட்டால், 20 வயது வரை பெற்றோருக்கு அது வரும். நடுவில் படிப்பை நிறுத்தியபோது பணமும் நின்றிருந்தால், மறுபடி சேர்ந்ததை வருமான வரித் துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தானாக வராது.

19 தாண்டிவிட்டதா? 23 வயதுக்குள் இருந்து, இதுவரை முழு லெவல் 3 தகுதி (இரண்டு ஏ லெவலுக்குச் சமம்) பெறாதவர்களுக்கு முதல் தகுதி இலவசம். மற்றவர்களுக்கு அட்வான்ஸ்டு லேர்னர் லோன். குடும்ப வருமானம், கிரெடிட் ஸ்கோர் எதையும் பார்க்க மாட்டார்கள். ஏ லெவல் என்றால் பாடத்துக்கு ஒன்றாக நான்கு கடன் வரை வாங்கலாம். சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள்.

ஏ லெவலுக்குப் பதில் ‘ஆக்சஸ் டு ஹையர் எஜுகேஷன்’ படிப்பில் சேர்ந்தால் ஒரு சலுகை உண்டு: அதன்பின் தகுதியான பட்டப்படிப்பை முடித்தால், ஆக்சஸ் படிப்புக் கடனில் பாக்கி இருப்பது தள்ளுபடி.