எண்ணிக்கையும் எடையும்: ஜி.என். இராமச்சந்திரனின் ஆய்வுகளை முன்வைத்து

ஓர் ஆய்வாளரின் தகுதியை அளந்தறிய இன்று ஓர் எண்ணே போதுமெனக் கொள்ளப்படுகிறது. அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர், எவரெவருடன் அவர் கூட்டாக எழுதினார் என்னும் கணக்கிலிருந்து பிறக்கும் எண் அது. நமது தருமபுரி மாவட்டத்துக் கல்லூரிகளில் முனைவர் பட்டத்திற்கு உழைக்கும் இளைஞர்களும் இக்கணக்கிலிருந்து தப்புவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இலும் 2018-இலும் வகுத்த விதிமுறைகள் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வழங்கின. கூட்டாக எழுதியோரிடையே அப்புள்ளிகளைப் பங்கிடும் முறையையும் கூறின. வாரிசுரிமைப் பங்கீடான ஃபராயிளைக் கற்பிக்கும் நமக்கு இதைப் படிக்கையில் புன்முறுவல் அரும்புகிறது.

இக்கணக்கின் வேர் அறிவியலில் இல்லை; சட்டத்தில் இருக்கிறது. 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர், ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்தாண்டன என்று தொகுக்கத் தொடங்கினார். முந்தைய தீர்ப்பு பின்பற்றப்பட்டதா, புறந்தள்ளப்பட்டதா என்பதையும் அத்தொகுப்பு குறியிட்டுக் காட்டியது. இதனை முன்மாதிரியாகக் கொண்டே யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் அறிவியலுக்கும் ஒரு மேற்கோள் அட்டவணை வேண்டுமென எழுதினார். 1964-இல் அதை முறையாக வெளியிடவும் தொடங்கினார். ஆனால் ஏற்பா, மறுப்பா என்று காட்டும் அந்தக் குறியீடு இவ்வட்டவணையில் இடம்பெறவில்லை. நூல் தேடுவோர்க்கு உதவும் கருவியாகப் பிறந்தது, காலப்போக்கில் ஆளை நிறுக்கும் தராசாயிற்று. 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் வகுத்த எச் குறியீடு அத்தராசின் புதிய படிக்கல். ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 21 கட்டுரைகளுக்கு அவ்வாறு அமையாவிடின் அவருடைய குறியீடு 20.

விடுபட்ட அக்குறியீட்டின் அருமையை அறியச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த வரலாறு ஒன்றை நோக்குவோம். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் பயின்ற ஜி.என். இராமச்சந்திரன் 1952-இல் இப்பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அக்காலத்தில் சென்னை வந்த ஆங்கில அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் அறியப்படவில்லை என்று அவரிடம் கூறினார். தோலின் முதன்மைப் பொருளே கொலாஜன்தான். ஆய்வுக்கான மாதிரிகள் அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தன. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டுவரும் நம்மவர்கள், தம் கைகளில் புரண்ட பொருளின் உள்ளமைப்பு சென்னையில் கண்டறியப்பட்டது என்பதை எண்ணி மகிழலாம்.

1954-இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று நேச்சர் இதழில் எழுதினர். அவ்விழைகள் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றியுள்ளன என மறு ஆண்டு திருத்தினர். அதே 1955-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும் மறுப்பு எழுதினர்: மூன்று இழைகள் என்பது சரி, ஆனால் இவர்களின் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது அவர்களின் வாதம். மேற்கோள் அட்டவணையில் இம்மறுப்பும் ஒன்று, பாராட்டும் ஒன்று. இரண்டும் ஒரே நிறை.

நமது ஹதீஸ் கலை இவ்விரண்டையும் கலக்க ஒருபோதும் இடம் தந்ததில்லை. குறை காட்டுவது ஜர்ஹு. நம்பகம் உரைப்பது தஃதீல். இரண்டும் தனித்தனியே பதிவாயின. கூட்டுறவுக் கணக்கும் அங்கே உண்டு: ஹிஜ்ரி 742-இல் (கி.பி. 1341) திமிஷ்கில் மறைந்த இமாம் மிஸ்ஸீ (ரஹ்) தம் தஹ்தீபுல் கமாலில் அறிவிப்பாளர் ஒவ்வொருவருக்கும் உஸ்தாதுகள் யார், மாணவர்கள் யார் என்று நிரல்படுத்தினார். எண்ணவும் அவர்கள் தயங்கவில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்புகள் 5374 என்றும், அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களுடையவை 142 என்றும் இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் குறித்துள்ளனர். ஆயினும் இவ்வெண்களைக் கொண்டு எவரும் சித்தீக் (ரலி) அவர்களின் படித்தரத்தை நிர்ணயித்ததில்லை. நபி (ஸல்) அவர்களுக்குப் பின் அவர்கள் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களுமே என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதினர்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் மறுப்பு இராமச்சந்திரனை ஓர் அடிப்படைக் கேள்விக்கு இட்டுச் சென்றது. இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அறியப்பட்ட படிகங்களிலெல்லாம் அத்தூரங்களைத் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பக் கோணங்கள் உண்டு. அவற்றுள் எந்தெந்த இணைகள் இயலும், எவை இயலா என்பதை ஒரே படத்தில் வரைந்து காட்டும் கட்டுரை 1963-இல் மூலக்கூறு உயிரியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதுவே இராமச்சந்திரன் வரைபடம். மறுப்பு ஈன்ற குழந்தை என்று அதனைச் சொல்வது மிகையன்று.

இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும் அது இவ்வரைபடத்தில் வைத்துச் சோதிக்கப்படுகிறது. பன்னாட்டுப் புரதத் தரவு வங்கியின் சரிபார்ப்பு அறிக்கைகளிலேயே இச்சோதனை அடக்கம். இதைப் பயன்படுத்துவோர் பலர் 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. பாடநூலில் உள்ளதற்குச் சான்று எதற்கு? ஒரு கருத்து எல்லார்க்கும் பொதுவுடைமையாகிவிடும்போது அதன் மூலம் மறைந்துபோவதைச் சமூகவியலார் இராபர்ட் மெர்ட்டன் 1968-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். செல்வாக்கு உச்சத்தை எட்டும் இடத்தில் எண்ணிக்கை நின்றுபோகிறது. கணக்கர்கள் இவ்விடத்தை எப்படி நிரப்புவார்கள் என்று நமக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் மூன்று பெயர்கள் இருந்தன: ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். இடையில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்டால் அந்த இஸ்னாதை முன்கதிஃ என்று ஒதுக்கிவைப்பர் ஹதீஸ் கலையினர். வரைபடத்திற்கோ உலகம் சூட்டிய பெயரில் எஞ்சியது ஒருவர் மட்டுமே.