விட்டுக்கொடுத்தவரின் அரசு

1948-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள். அயர்லாந்தின் மக்களவையான 'டாயில்' டப்ளின் நகரில் கூடியிருந்தது. பதினாறு ஆண்டுகள் இடைவிடாது ஆட்சி நடத்திய ஏமன் டி வலேராவின் பெயர் முதலில் முன்மொழியப்பட்டுத் தோல்வியுற்றது. அடுத்து ஜான் ஏ. காஸ்டெல்லோ என்னும் வழக்கறிஞரின் பெயர் வந்தது. 75 பேர் ஆதரிக்க, 68 பேர் எதிர்க்க, அவர் தலைமை அமைச்சரானார். காஸ்டெல்லோ எந்தக் கட்சிக்கும் தலைவரல்லர், அப்பதவியை நாடியவருமல்லர். மறுத்துப் பார்த்து, நண்பர்கள் வற்புறுத்தவே இணங்கியவர். கட்சித் தலைவர் ஒருவர் இருக்க, அவரை விடுத்து இவர் எவ்வாறு அவ்விடத்திற்கு வந்தார் என்பதில்தான் அந்த அரசின் வரலாறே அடங்கியிருக்கிறது.

டி வலேரா நம் முந்தைய தலைமுறையினருக்குப் பழகிய பெயர். அவர் முன்னின்று 1937-இல் இயற்றிய அரசியல் சட்டத்தைப் பார்த்தே இந்திய அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் அமைந்தன. ஆயினும், போர்க்கால முடைகளும் விலைவாசியும் காசநோயும் மக்களை வாட்டி வந்த அந்நாளில், பழைய புகழ் மட்டும் போதவில்லை. 1946-இல் தோன்றிய 'கிளான் ந பொப்லக்டா' என்னும் புதுக் கட்சி அடுத்த ஆண்டே இரண்டு இடைத்தேர்தல்களில் வென்றது. அது வேரூன்றுமுன் கிள்ளிவிடலாம் என்று எண்ணியே டி வலேரா முன்கூட்டிப் பொதுத்தேர்தலை வரவழைத்தார். கணக்குத் தவறியது. 147 இடங்களில் அவருடைய 'ஃபியன்னா ஃபாயில்' கட்சிக்கு 68 கிடைத்தன. தனிப்பெருங்கட்சிதான், ஆனால் பெரும்பான்மை இல்லை.

எதிர்ப்புறத்தில் இருந்தவை ஒரு கட்சியல்ல, ஐந்து கட்சிகள். 'ஃபினே கேல்' 31, தொழிற்கட்சி 14, பொப்லக்டா 10, உழவர் கட்சி 7, தொழிற்கட்சியிலிருந்து பிரிந்துபோன தேசியத் தொழிற்கட்சி 5. இவற்றோடு சுயேச்சைகள் சிலரும் சேர்ந்தாலன்றி ஆட்சி இல்லை. டி வலேராவை அகற்றவேண்டும் என்ற ஒன்றைத் தவிர இவர்களை இணைக்க வேறு கயிறு இல்லை. எனினும் அவர்கள் இணைந்தனர். ஒரே ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் நின்றது.

பெரிய கட்சியான ஃபினே கேலின் தலைவர் ஜெனரல் ரிச்சர்ட் மல்கஹி. முறைப்படி அவரே தலைமை அமைச்சராகியிருக்க வேண்டும். ஆனால், 1922-23 ஆண்டுகளின் உள்நாட்டுப் போரில் அரசுப் படையின் தளபதியாக இருந்தவர் அவர். பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்றோரும் எதிர்த்தோருமாக, நேற்றுவரை ஒரே அணியில் நின்று போராடியவர்கள் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திய போர் அது. அரசின் ஆணையால் 77 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பது மக்கள் நாவில் நிலைத்துவிட்ட கணக்கு. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அந்த எண் மறக்கப்படவில்லை. மல்கஹியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சற்று விரித்துரைத்தாலன்றி அந்த மந்திரிசபையின் வியப்பு விளங்காது. கொல்லப்பட்ட கைதிகளுள் ஒருவர் ரோரி ஓ'கானர். அக்கொலைகளுக்கு உடன்பட்ட அமைச்சர்களுள் ஒருவர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ். முந்தைய ஆண்டு நடந்த ஓ'ஹிக்கின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவரே அந்த ஓ'கானர்தாம்! 1927-இல் ஓ'ஹிக்கின்ஸும் சுட்டுக் கொல்லப்பட்டார். இனி பொப்லக்டா கட்சியின் தலைவரைப் பாருங்கள். அவர் ஷான் மாக்பிரைட். 1916-இல் பிரிட்டிஷார் சுட்டுக் கொன்ற மேஜர் ஜான் மாக்பிரைடின் மகன். உள்நாட்டுப் போரில் பிடிபட்டு, ஓ'கானரோடு ஒரே சிறையில் இருந்தவர். பின்னாளில் ஐரிஷ் குடியரசுப் படையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். ஓ'ஹிக்கின்ஸ் கொலையை ஒட்டி ஐயத்தின்பேரில் கைதானவர்களுள் இவரும் ஒருவர். கொலை நடந்தபோது இவர் நாட்டில் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. 1948-இல் இந்த மாக்பிரைட் வெளிவிவகார அமைச்சராகவும், கொலையுண்ட ஓ'ஹிக்கின்ஸின் உடன்பிறந்தார் பாதுகாப்பு அமைச்சராகவும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர் என்றால், அதைச் சிறிய செய்தி என்று சொல்லிவிட முடியுமா?

அந்த மேசையைக் கூட்டி வைத்தது மல்கஹியின் செயல். அவர் தலைமையின்கீழ் பொப்லக்டாவினர் பணியாற்ற முடியாது என்ற நிலை எழுந்தபோது அவர் வாதாடவில்லை. தம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்து நேரத்தைக் கடத்தவுமில்லை. ஒதுங்கிக்கொண்டார். தமக்குக் கீழ் இருந்தவரைத் தமக்கு மேலே அமர்த்திவிட்டு, கல்வி அமைச்சர் பொறுப்பை ஏற்றார். உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கத்திலும் நின்று துப்பாக்கி ஏந்தாதவர் காஸ்டெல்லோ. அதுவே அவருக்குத் தகுதியாயிற்று.

பல கட்சிகளின் அரசில் கேலிக்கூத்துகளுக்கும் குறைவிருக்கவில்லை. விக்லோ மாவட்டத்தில் பால்டிங்கிளாஸ் என்றொரு சிற்றூர். அங்குள்ள அஞ்சலகத்தை நெடுங்காலமாக ஒரு குடும்பமே நடத்தி வந்தது. 1950-இல் அஞ்சல்துறை அமைச்சர் எவரெட், தம் ஆதரவாளர் ஒருவருக்கு அதை மாற்றிக் கொடுத்தார். ஊரே திரண்டெழுந்தது. கூட்டங்களும் மறியல்களும் நடந்தன. தந்திக் கம்பங்கள் வெட்டப்பட்டன. இறுதியில் புதியவர் விலக, அஞ்சலகம் பழைய குடும்பத்திடமே திரும்பியது. ஓர் அஞ்சலகத்துக்காக ஓர் அரசின் மானம் காற்றில் பறந்த கதை அது.

குடியரசுப் பிரகடனமும் சற்று எதிர்பாராத விதத்திலேயே நிகழ்ந்தது. 1948 செப்டம்பரில் கனடா சென்றிருந்த காஸ்டெல்லோ, பிரிட்டிஷ் மன்னருடன் எஞ்சியிருந்த சட்டத் தொடர்பை அறுக்கப்போவதாக ஒட்டாவாவில் செய்தியாளர்களிடம் அறிவித்தார். அச்சட்டம் 1949 ஏப்ரல் 18 அன்று, ஈஸ்டர் திங்களில் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்து குடியரசாகிக் காமன்வெல்த்திலிருந்து வெளியேறியது. அதே ஏப்ரல் முடிவதற்குள், குடியரசாகவிருந்த இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்க லண்டன் மாநாடு வழிவகுத்தது. அயர்லாந்து சற்றுப் பொறுத்திருந்தால் அதற்கும் இவ்வழி திறந்திருக்குமே என்று எண்ணத் தோன்றுகிறது. பிரிட்டனோ தன் பங்குக்கு, வட அயர்லாந்துப் பாராளுமன்றத்தின் இசைவின்றி அப்பகுதி பிரிட்டனை விட்டுப் பிரியாது என்று சட்டம் செய்தது. நாட்டை ஒன்றாக்க வேண்டும் என்று முழங்கியோர் பிரிவினைக் கோட்டை மேலும் ஆழமாக்கிவிட்டனர்.

இந்த அரசு மக்கள் நெஞ்சில் இடம்பெற்றது மற்றொரு துறையில். நோயல் பிரவுன் என்னும் இளம் மருத்துவர், அவையில் உறுப்பினராக அமர்ந்த முதல் நாளிலேயே சுகாதார அமைச்சரானார். வயது 32. தாயையும் தந்தையையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். தாமும் அந்நோயில் கிடந்து எழுந்தவர். அந்நாளில் ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அயர்லாந்தில் காசநோயால் மாண்டு வந்தனர். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் கண்டால் அதை அண்டை வீட்டாருக்கும் மறைப்பார்கள். மகளுக்கு வரன் அமையாதே என்ற அச்சம். மருத்துவமனைகளுக்காகப் பந்தயச் சீட்டு நடத்திச் சேர்த்திருந்த நிதியின் வட்டியை மட்டும் செலவிடும் வழக்கத்தைப் பிரவுன் மாற்றி, முதலையே எடுத்துச் சானடோரியங்களைக் கட்டினார். ஏறத்தாழ 2000 படுக்கைகள் கூடின. புதிய மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் அப்போது வந்து சேர, சாவுகள் விரைந்து குறைந்தன.

அடுத்து அவர் கையிலெடுத்தது தாய்-சேய் நலத்திட்டம். எல்லாத் தாய்மார்களுக்கும் பேறுகால மருத்துவம், 16 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் மருத்துவம், இரண்டும் இலவசம். ஏழை யார், இருப்பவர் யார் என்று வருமானம் கேட்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். தம் வருவாயும் சுதந்திரமும் போகும் என்று மருத்துவர் சங்கம் எதிர்த்தது. கத்தோலிக்க ஆயர்களும் எதிர்த்தனர். பிள்ளைகளின் உடல்நலம் பெற்றோரின் பொறுப்பு, அதில் அரசு புகலாகாது என்பது அவர்கள் வாதம். தாய்மார்களுக்குத் தரப்படும் அறிவுரையில் தம் சமயநெறிக்கு மாறானவை கலந்துவிடும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. அக்கவலையை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. சமயப் பற்றுள்ள எந்தச் சமுதாயத்திலும் எழக்கூடிய கவலைதான் அது. ஆனால் அதைத் தீர்க்கத் திட்டத்தைத் திருத்தியிருக்கலாம். தாய்மாரைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

பிரவுனிடமும் குறை இல்லாமலில்லை. சக அமைச்சர்களோடு கலந்து பேசும் பழக்கம் அவரிடம் குறைவு. ஆயர்கள் நிறைவடைந்துவிட்டதாக அவராகவே எண்ணிக்கொண்டார். 1951 ஏப்ரல் தொடக்கத்தில் ஆயர்களின் இறுதி முடிவு வந்தபோது, அமைச்சரவையில் அவர் பக்கம் நிற்க ஒருவருமில்லை. அவருடைய கட்சித் தலைவர் மாக்பிரைடே அவரைப் பதவி விலகச் சொன்னார். ஏப்ரல் 11 அன்று விலகிய பிரவுன், ஆயர்களுக்கும் அரசுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை மறுநாள் நாளேடுகளில் வெளிவரச் செய்தார். நாடு அதிர்ந்தது. தாம் ஒரு கத்தோலிக்கர் என்றும், தம் திருச்சபைக்குக் கீழ்ப்படிபவர் என்றும் காஸ்டெல்லோ அவையிலேயே அறிவித்தார். வடக்கே இருந்த புராட்டஸ்டண்டுகளுக்கு அதைவிட நல்ல சாக்கு வேறென்ன வேண்டும்? இணைந்தால் யார் ஆளுவார்கள் என்று பாருங்கள் என்றனர்.

ஆட்சி உடனே கவிழவில்லை. பால் விலையைக் குறித்த பூசலில் கிராமப்புற உறுப்பினர் சிலர் விலகவே, அவை கலைக்கப்பட்டது. மே 30-இல் நடந்த தேர்தலில் ஃபினே கேல் 40 இடங்களாக வளர்ந்தது. பொப்லக்டா 10-லிருந்து 2-க்குச் சுருங்கியது. சுயேச்சையாக வென்ற பிரவுன், ஜூன் 13 அன்று டி வலேராவைத் தலைமை அமைச்சராக்க வாக்களித்தார். டி வலேராவின் அரசு 1953-இல் தாய்-சேய்த் திட்டத்தை, வருமான வரம்பு கட்டி, ஆயர்களோடு பேசி இணக்கம் கண்டு நிறைவேற்றியது.

1954-இல் ஆட்சி மீண்டும் ஃபினே கேலும் தோழமைக் கட்சிகளும் சேர்ந்த அணிக்கு வந்தது. அப்போதும் கட்சித் தலைவர் மல்கஹிதான். அப்போதும் தலைமை அமைச்சர் பதவி காஸ்டெல்லோவுக்கே போயிற்று. மல்கஹி மறுபடியும் கல்வி அமைச்சராகத் தம் பழைய நாற்காலியில் போய் அமர்ந்தார்.