மலை நாட்டில் டெலிவிஷன் அலைகள்

வானொலியின் மத்திய அலைகளுக்கு மலை ஒரு பெருந்தடையன்று. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அவ்வலைகள் நிலத்தைத் தழுவிச் சென்று, குன்றேறி மறுபுறமும் இறங்கும் இயல்புடையவை. 1939ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி தொடங்கிய திருச்சி நிலையத்தின் தமிழ், ஆற்றையும் காட்டையும் எல்லைக் கோட்டையும் கடந்து சென்றமைக்கு இவ்வியல்பே காரணம். டெலிவிஷன் அலைகளோ வேறு குணம் படைத்தவை. அவை சில மீட்டர் நீளமே உள்ளவை. ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்பவை. மலை குறுக்கிட்டால் அதன் பின்னே நிழல் விழும். அந்நிழலில் வாழ்ந்த மக்கள் தங்கள் மொழியை ஒரு கம்பியின் முனையில் தேடிய வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம்.

பாலக்காட்டின் கிழக்கிலுள்ள சிற்றூர் வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலும் தமிழ் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தின்பாற்பட்டன. உழவரும், தேயிலைத் தோட்டத் தொழிலாளரும், வணிகரும் தத்தம் இடத்திலேயே இருந்தனர்.

இந்தியாவில் டெலிவிஷன் 1959 செப்டம்பர் 15ஆம் தேதி டில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி பிறந்தது. ஆயினும் அதன் அலைகள் சென்னையையும் சுற்றுப்புறங்களையுமே எட்டின. 1984ஆம் ஆண்டில் நாடெங்கும் சிறுசக்தி நிலையங்கள் பல எழுந்தபோதிலும், அவை பெரும்பாலும் செயற்கைக் கோள் வழியாக வந்த டில்லி நிகழ்ச்சிகளையே அஞ்சல் செய்தன. 1985 ஜனவரி முதல் தேதியிலிருந்து திருவனந்தபுரம் மலையாள நிகழ்ச்சிகளை வழங்கலாயிற்று. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வழி திறந்தது, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் அமைந்த பின்னரே.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் பொருளை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஒளிபரப்புக் கோபுரம் சுற்றியுள்ள சமவெளியினும் 2,000 மீட்டர் உயர்ந்து நிற்குமாயின், அதன் அலைகளுக்கு எதிரே அடிவானம் சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் அமையும். பாலக்காடு கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், கிழக்கு நோக்கித் திறந்த சமவெளிச் சிற்றூர்களுக்கு இத்தொலைவு பெரிதன்று. மூணாறோ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆயினும் அது பள்ளத்தில் அமைந்த ஊர். கொடைக்கானலுக்கும் அதற்கும் நடுவே மலைத்தொடர்கள் சுவரெனக் குறுக்கிட்டு நிற்கின்றன. அருகில் இருப்பவர்க்குக் கிட்டாதது தொலைவில் இருப்பவர்க்குக் கிட்டும் விந்தை, மலைநாட்டு ஒளிபரப்பின் முதற்பாடமாகும்.

இவ்விந்தையின் மறுபக்கத்தைக் கடலோரம் காட்டியது. இலங்கையின் ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையுச்சியில் அதன் கோபுரம் நின்றது. முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தூத்துக்குடிக் கரையில் உயர்ந்த ஆன்டெனாக்களை நாட்டியவர்கள் அதனைக் கண்டு களித்தனர். கடற்பரப்பின் மேல் படியும் காற்றடுக்குகள் சில வேளைகளில் அலைகளை ஒரு குழாயினுள் செலுத்துவது போல் அடிவானத்துக்கு அப்பாலும் இட்டுச் செல்லும். கடல் ஏந்திக் கொடுத்தது. மலை தடுத்து நிறுத்தியது.

கூரைமேல் நின்ற அந்த மீன்முள் போன்ற கருவியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஜப்பானில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடா, யாகி என்னும் இரு பேரறிஞர்கள் 1926ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினர். நடுவிலுள்ள கம்பி அலையைப் பெறும்; பின்னுள்ளது அதனைத் திருப்பி அனுப்பும்; முன்னுள்ள குச்சிகள் அதனை ஒருமுகப்படுத்தும். ஒன்றரை மீட்டர் நீள அலைக்கு நடுக்கம்பி முக்கால் மீட்டர் அளவினதாக இருக்கும். அது எத்திசை நோக்குகிறதோ அத்திசையின் குரலே வீட்டினுள் ஒலிக்கும். எனவே, எல்லைப்புறக் கூரைகளில் ஆன்டெனாவைத் திருப்புவது ஒரு மொழியைத் தேர்வதாகவும் ஆயிற்று. மேற்கே திருப்பினால் மலையாளம், கிழக்கே திருப்பினால் தமிழ். இரண்டையும் விரும்பிய இல்லங்கள் இரு ஆன்டெனாக்களை நிறுத்திக் கொள்வதுண்டு. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' வரும் நேரத்தில் ஒருவர் கூரைமேல் நின்று குழாயைத் திருப்ப, கீழிருந்து மற்றவர்கள் "தெரிகிறது, தெரிகிறது, ஐயோ, போய்விட்டது!" என்று குரல் கொடுத்த காட்சியை அக்காலத்துத் தமிழர் எவரும் மறவார்.

மலைநாட்டுத் திரையில் அடிக்கடி தோன்றிய குறை, இரட்டை உருவம். மலைப்பாறையில் மோதித் திரும்பிய அலை, நேராக வந்த அலைக்குச் சற்றுப் பிந்தி வருவதே அதன் காரணம். ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னாலுள்ள பாறையில் பட்டுத் திரும்பும் அலை மூன்று கிலோமீட்டர் அதிகம் பயணம் செய்கிறது. அதற்கு ஆகும் காலம் ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு. நாற்பது சென்டிமீட்டர் அகலத் திரையில் அத்தாமதம், ஏழரைச் சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளி ஒரு நிழலுருவாகத் தெரியும்! அந்நிழலை அளந்தே குற்றவாளி எந்தக் குன்று என்று ஊகிக்கலாம்.

இவற்றுக்கு மக்கள் அனுபவத்தால் கண்ட பரிகாரங்கள் பொறியியலுக்கு ஒத்தவையே. ஆன்டெனாவை மேலும் உயர்த்துவதைவிடச் சில அடி பக்கவாட்டில் நகர்த்துவது சில சமயம் பயன் தரும். ஏனெனில் நேரலையும் எதிரொலியலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து, மற்றோரிடத்தில் வலுப்படுத்தும். நேர்வழி அடைபட்ட பள்ளத்தில், எதிர்ப்புறப் பாறையை நோக்கித் திருப்பினால் தெளிவான படம் கிடைப்பதும் உண்டு. பூஸ்டர் என்னும் பெருக்கியை ஆன்டெனாவின் அருகிலேயே வைக்கவேண்டும். நீண்ட கம்பி வழியே நலிந்த பின் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். மழையில் நனைந்த பட்டைக் கம்பியும், துருவேறிய இணைப்பும், கணவாய்க் காற்றில் திரும்பிப்போன குழாயும் எல்லாவற்றினும் எளிய காரணங்கள். ஆகவே அவற்றையே முதலில் பார்க்கவேண்டும்.

இன்று ஒளிபரப்பு எண்முறைக்கு மாறிவிட்டது. சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷனின் தரைவழி எண்முறை ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இம்முறையில் ஓரளவு வரையிலான எதிரொலிகள் படத்தைக் கெடுப்பதில்லை. இரட்டை உருவம் மறைந்துவிட்டது. ஆனால் வேறொரு கண்டிப்பு வந்துள்ளது. பழைய படம் புள்ளிபுள்ளியாக மங்கினாலும் ஆளை அடையாளம் காணலாம். புதிய படமோ ஓர் எல்லை வரை மாசற்று நின்று, அதற்குக் கீழே சதுரம் சதுரமாகச் சிதறி, அறவே மறையும். ஆகவே அலையின் வலிமையை மட்டும் பார்த்தல் போதாது. பெட்டி காட்டும் தரத்தின் அளவையும் பார்த்தே ஆன்டெனாவைத் திருப்பவேண்டும்.

பழைய முறைத் தரைவழி நிலையங்களை 2022 மார்ச்சுக்குள், சிற்சில முக்கிய இடங்கள் நீங்கலாக, மூடுவது என்று பிரசார் பாரதி முடிவு செய்தது. அதற்கு முன்பே மலைநாட்டார் வானத்தை நாடியிருந்தனர். 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை இப்போது 93.5 பாகைக் கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 கோள் வழியே வருகிறது. பாலக்காட்டிலிருந்து நோக்கின் அக்கோள் தென்கிழக்கே சுமார் 66 பாகை உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரத்தை மறைக்கும் மலை அங்கே அரிது. பெருமழையே சிறிது நேரம் மறைக்கும். பொதிகை என்று வழங்கி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் பெற்ற அலைவரிசை அவ்வழியே மூணாற்றுக்கும் வருகிறது, டில்லிக்கும் வருகிறது.

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வரலாறு புதிதன்று. ஞாயிறு பிற்பகலில் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் முறை வைத்து வந்த நாளில், தமிழின் முறை என்று வருமோ எனக் காத்திருந்தவர்கள் நாம். எல்லை மலைகளில் இருந்தோர் காத்திருக்கவில்லை, கூரையேறித் தேடினர். அவர்கள் நட்ட குழாய்களில் பல துருவேறிப் போயின. எனினும் ஒரு மொழிக்கு அரசியல் எல்லை மட்டுமன்றி, அலையின் எல்லையும் உண்டென்பதையும், அவ்வெல்லையைச் சில அடி நகர்த்த மனிதரால் இயலும் என்பதையும் அவை நமக்கு உணர்த்துகின்றன.